கட்டி, தூள், பால்: மூன்று பெருங்காயங்களும் ஒரு மாத ரசமும்

ரசம் நுரைகட்டி எழும்பும் வேளையில் அதன் மணம் வாசல்வரை வந்து நின்றால்தான் எங்கள் வீட்டில் அதற்கு ரசம் என்று பெயர். சில மாதங்களாக அந்த மணம் சமையலறையைத் தாண்டவே இல்லை. புளியை மாற்றிப் பார்த்தேன், ரசப்பொடியைப் புதிதாக இடித்துப் பார்த்தேன், எண்ணெய்க்குப் பதிலாக நெய்யில் தாளித்தும் பார்த்தேன். கடைசியில், அடுப்புக்கு மேல்தட்டில் பத்து மாதமாக நின்றுகொண்டிருந்த பெருங்காயத் தூள் டப்பாவின் மேல் சந்தேகம் விழுந்தது. திறந்து மோந்தபோது மஞ்சள்தூளின் வாசனைதான் முதலில் வந்தது. வாழ்ந்து கெட்டவர்களைப் பெருங்காயம் வைத்த டப்பா என்பார்கள். உள்ளே சரக்கு தீர்ந்தாலும் வாசனை போகாது என்பது கணக்கு. என் டப்பாவில் சரக்கு பாதிக்கு மேல் இருந்தது, வாசனைதான் இல்லை.

ஆகவே மூன்று வகைப் பெருங்காயத்தை ஒரே வாரத்தில் வாங்கி, ஒரு மாதம் மாற்றி மாற்றிச் சமைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். திருச்சி பெரிய கடை வீதியில் உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் 10 கிராம் வாங்கினேன். விலை 220 ரூபாய். மளிகைக் கடையில் கட்டிப் பெருங்காயம் 50 கிராம் 95 ரூபாய்க்கும், வேறொரு நிறுவனத்தின் தூள் 50 கிராம் 104 ரூபாய்க்கும் கிடைத்தன. கணக்குப் பார்த்தால் பால் பெருங்காயம் கிராம் 22 ரூபாய், மற்ற இரண்டும் ஏறத்தாழ 2 ரூபாய். பதினோரு மடங்கு விலை கொடுப்பதற்கு அதில் பதினோரு மடங்கு பயன் உண்டா என்பதுதான் நான் அறிய விரும்பியது. குறை சொல்ல வேண்டிய இடங்கள் வருவதால் எந்த நிறுவனத்தின் பெயரையும் கடையின் பெயரையும் குறிப்பிடவில்லை.

மருந்துக் கடைக்காரர் தராசை எடுப்பதற்கு முன்பே, “ரசத்துக்காம்மா, மருந்துக்கா?” என்று கேட்டார். ரசத்துக்கு என்றேன். “அதுக்குக் கட்டியே போதும்மா. இதைக் கடுகளவுக்கு மேல போட்டீங்கன்னா அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்தார். விற்கிற சரக்கை வேண்டாம் என்று சொல்லி விற்ற அந்த மனிதர் சொன்னது எவ்வளவு சரி என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பெருங்காயம் என்பது ஃபெருலா என்னும் செடியினத்தின் கிழங்கு போன்ற வேரிலிருந்து வடியும் பாலாகும். கொத்துமல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளின் வறண்ட, குளிர்ந்த மலைச்சரிவுகளில் வளர்கிறது. நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்த செடி பூக்கும் தறுவாயில் வேரின் தலைப்பகுதியைச் சுற்றி மண்ணை விலக்கி, தண்டை வெட்டிவிடுவார்கள். வெட்டுவாயில் பால் கசிந்து இறுகியதும் அதைச் சுரண்டி எடுத்து, புதிதாக மெல்லிய சீவல் ஒன்று சீவி, மறுபடி கசியவிட்டுச் சுரண்டுவார்கள். வேர் வற்றும்வரை வாரக்கணக்கில் இது நடக்கும். பனைமரத்தில் பாளை சீவுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் பொறுமை புரியும். ஆனால் பனை அடுத்த ஆண்டும் தரும், இந்தச் செடியோ அத்துடன் முடிந்துவிடும். இப்படிக் கிடைக்கும் பிசுபிசுப்பான பிசினைத்தான் நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் என்கிறோம்.

கட்டியும் தூளும் இந்தப் பிசினை மாவிலும் கோந்திலும் கலந்து செய்யப்படுபவை. பெட்டியில் பொடி எழுத்தில் காம்பவுண்டட் என்று போட்டிருப்பதன் பொருள் இதுவே. இதைக் கலப்படம் என்று நினைத்து மிரளத் தேவையில்லை. தனிப் பிசினை இடிக்கவும் முடியாது, அளக்கவும் முடியாது, உலக்கையில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மாவு சேர்த்து வீட்டுச் சமையலுக்கு ஏற்ற காரத்துக்குக் கொண்டுவருகிறார்கள், சட்டமும் அதை ஏற்கிறது. கூட்டுப் பெருங்காயத்தில் சாராயத்தில் கரையும் பகுதி நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. மணமும் காரமும் தங்கியிருப்பது அந்தக் கரையும் பகுதியில்தான். எனவே விதியின் விளிம்பில் நிற்கும் ஒரு பொருளும், அதற்கு இரண்டு மூன்று மடங்கு பிசின் சேர்த்த பொருளும் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே விலையில், அடுத்தடுத்து அலமாரியில் நிற்க முடியும். வாங்குகிறவருக்கு இதை அறிய வழியே இல்லை என்பது என் முதல் குறை. உட்பொருள்களை அதிக அளவில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பதால், ஒரு பெட்டியில் பெருங்காயம் முதலில் வருகிறதா, மாவுக்கும் கோந்துக்கும் பின்னால் மூன்றாவதாக வருகிறதா என்று பார்ப்பது ஓரளவு உதவும். நான் வாங்கிய கட்டியில் அது இரண்டாவது, தூளில் மூன்றாவது.

அந்த வரிசையைப் படிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் வாங்கிய கட்டியில் கோதுமை மாவு, தூளில் அரிசி மாவு. கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் வீட்டில் சப்பாத்தியை நிறுத்திவிட்டு, ரசத்தில் கோதுமையைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

சோதனைக்கு வருகிறேன். மூன்றிலும் சிறிதளவு எடுத்துத் தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் வெந்நீரில் கரைத்தேன். பால் பெருங்காயம் பெயருக்கேற்பப் பால்போல் வெளுத்துக் கலங்கி, மணிக்கணக்கில் அப்படியே நின்றது. கட்டியின் தண்ணீர் முதலில் கலங்கி, அரை மணியில் அடியில் மாவு படிந்து, மேலே பழுப்பு நீர் தெளிந்தது. தூளின் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அடியில் படிந்த மாவு கட்டியைவிடக் கூடுதல், மேலே நின்ற நீரின் மணம் குறைவு. பிறகு ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியில் பால் பெருங்காயத்தின் சிறு துணுக்கை வைத்துத் தீயில் காட்டினேன். கர்ப்பூரம்போல் பற்றி எரிந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களுக்குச் சொல்லித்தரும் எளிய சோதனைகளில் இதுவும் ஒன்று. எரியும்போது எழுந்த புகையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அன்று மாலைவரை சன்னல்கள் திறந்தே இருந்தன.

ஜெர்மானிய மொழியில் இதற்குச் சாத்தானின் கழிவு என்று பொருள்படும் பெயர் உண்டு. பச்சையாக மோந்தவர்கள் அந்தப் பெயர் வைத்ததில் வியப்பில்லை. ஆனால் இதே நாற்றத்தை ஐரோப்பா ஒரு காலத்தில் தேடித் தேடி வாங்கியது. வட ஆப்பிரிக்கக் கரையில் சைரீன் என்னும் கிரேக்க நகரம் சில்பியம் என்ற செடியின் பிசினை விற்றே செழித்தது. தன் நாணயங்களிலேயே அந்தச் செடியின் உருவத்தைப் பொறித்துக்கொண்டது. அச்செடி கி.பி. முதல் நூற்றாண்டளவில் அருகிப்போய், கிடைத்த ஒரே ஒரு தண்டை நீரோ மன்னனுக்கு அனுப்பினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். அதன் இடத்துக்கு மலிவான மாற்றாக வந்ததுதான் பாரசீகப் பக்கத்துப் பெருங்காயம். ரோமானியர் அந்தப் பிசினைக் கண்ணாடிச் சாடியில் பைன் விதைகளோடு போட்டு வைத்து, வாசனை ஏறிய விதைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, எடுத்த அளவுக்குப் புது விதைகளை நிரப்பி வைப்பார்களாம். இதைப் படித்தபோது என் பாட்டியின் நினைவு வந்தது. அவர் கட்டிப் பெருங்காயத்தை ஒரு சின்ன மரச் சிமிழில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருப்பார். அன்றாடம் அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி ரசத்துக்குப் போகும், ஒரு கரண்டி நல்ல தண்ணீர் சிமிழுக்கு வரும். கட்டி கரைந்து தீரும்வரை இந்த வரவு செலவு நடக்கும். விலையுயர்ந்த பொருளை வீணாக்காமல் செலவிட நினைத்த இரண்டு சமையலறைகள் ஒரே உபாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நம் பக்கத்தில் இதன் பழமை மருத்துவத்தின் வழியாகத்தான் தெரிகிறது. வடமொழியில் ஹிங்கு, தெலுங்கில் இங்குவ, கன்னடத்தில் இங்கு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்ற எட்டும் சேர்ந்த ஹிங்குவாஷ்டக சூரணத்தை முதல் கவளச் சோற்றில் நெய்யோடு பிசைந்து உண்பது ஆயுர்வேத முறை. பருப்புப்பொடியைச் சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து முதலில் சாப்பிடுகிற பழக்கத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் காயம் என்பது காரமும் மணமும் உள்ள சரக்குகளுக்குப் பொதுப்பெயர். கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஆகியவற்றை ஐங்காயம் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுப்பதும் காயம்தான். வெங்காயமும் பெருங்காயமும் பெயரில் மட்டும் உறவு கொண்டவை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டின் மணமும் கந்தகச் சேர்மங்களிலிருந்தே வருகிறது. வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமண சமையலறைகளிலும், நம் ஊரில் விரத நாள் சமையலிலும் பெருங்காயத்தின் அளவு கூடுவதற்குக் காரணம் இந்த ஒற்றுமைதான். ஒரு காயத்தை விலக்கியவர்கள் இன்னொரு காயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பழகியும் அண்மைக்காலம்வரை இந்தப் பொருளை நாம் பயிரிட்டதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டன் பிசினை, சுமார் 600 கோடி ரூபாய் கொடுத்து இறக்குமதி செய்வதாக அரசு ஆய்வு நிறுவனமே 2020இல் கூறியது. பாலம்பூரில் உள்ள இமாலய உயிரிவளத் தொழில்நுட்ப நிறுவனம் ஈரானிலிருந்து விதை தருவித்து, 2020 அக்டோபர் 15 அன்று இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் குவாரிங் என்ற ஊரில் முதல் நாற்றை நட்டது. பிசினை மாவோடு கலந்து பதப்படுத்தும் தொழில்தான் இங்கே பழையது. உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸ் நகரம் அதற்குப் பேர்போனது, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் கட்டிப் பெருங்காயத்துக்கே மறுபெயர்போல் ஆகிவிட்ட எல்.ஜி. என்பது 1894இல் மும்பையில் தொடங்கப்பட்ட லால்ஜி கோதூ நிறுவனத்தின் சுருக்கம்.

இனி அடுப்புக்கு வருவோம். முதல் நாள் நான்கு பேருக்கான தக்காளி ரசத்தில் கடுகளவு பால் பெருங்காயத்தை நெய்யில் கரையவிட்டுச் சேர்த்தேன். உண்மையிலேயே அபாரம். மணம் வாசலைத் தாண்டி மாடிப்படியில் ஏறியது. மேல்வீட்டு அத்தை இறங்கி வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். அந்த உற்சாகத்தில் மறுநாள் மிளகளவு போட்டேன். ரசம் கசந்தது. புளி கூட்டியும் வெல்லம் போட்டும் சரியாகவில்லை. முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. மருந்துக் கடைக்காரரை நான் திட்டவில்லை, அவர் முன்ஜாமீன் வாங்கியிருந்தார். கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஒரு பாத்திரம் ரசம் பாழாகிறது என்றால், காலையில் அரைத்தூக்கத்தில் சமைப்பவர்களுக்கு அந்தப் பொருள் உதவாது. பிய்த்த விரல்களில் நாற்றம் இரண்டு நாள் நிற்பது தனிக்கதை; நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பிய்த்தால் ஓரளவு தப்பலாம். மோர், சுண்டல் போன்ற சூடு ஏறாத இடங்களில் இதைப் பயன்படுத்தவே கூடாது. பச்சை நாற்றம் அப்படியே நிற்கும்.

ஆனால் ஊறுகாயில் இதற்கு இணை இல்லை. எலுமிச்சை ஊறுகாய்க்குக் காய்ந்த நல்லெண்ணெயில் சுண்டைக்காய் அளவு துண்டைப் போட்டுப் பொரியவிட்டு, அது உப்பி, பொன்னிறமாகி, கனமற்றுப் போனதும் எடுத்துக் கல்லுப்போடு சேர்த்துப் பொடித்தேன். மூன்று வாரம் கழித்து அந்த ஊறுகாயின் வாசனை முதல் நாளைவிட நன்றாக இருந்தது. கசப்பு அடங்கிவிடுகிறது, காரம் மட்டும் பின்னணியில் நிற்கிறது.

தூளைப் பொறுத்தவரை வசதி என்ற ஒன்றைத் தவிர எனக்குச் சொல்ல அதிகமில்லை. மோரில் ஒரு சிட்டிகை, மாங்காய்ச் சாதத்தில் ஒரு சிட்டிகை, தட்டைக்கும் முறுக்குக்கும் மாவில் ஒரு சிட்டிகை என்று தூவுவதற்கு இதைவிட எளிது வேறில்லை. தாளிப்பில்தான் இடறுகிறது. கடுகு வெடிக்கும் சூட்டில் தூளைப் போட்டால் அதிலுள்ள மாவு இரண்டு நொடியில் கருகி, பெருங்காய வாசனைக்குப் பதில் தீய்ந்த வாசனை வருகிறது. அடுப்பை அணைத்து, எண்ணெய் சற்று அடங்கிய பிறகு போட வேண்டும். பெட்டியின் அடியில் இருந்த தேதியைப் பார்த்தால், நான் வாங்கும்போதே அது அரைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மணம் ஆவியாகப் பறக்கும் எண்ணெயில் இருப்பதால், அரைத்த கணத்திலிருந்தே இழப்பு தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த டப்பாவின் மூடி. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கவிழ்த்துத் தூவுகிற வகையில் துளைகள் வைத்திருக்கிறார்கள். ஆவி பட்டு இரண்டு வாரத்தில் துளைகள் அடைத்துக்கொண்டன. குண்டூசியால் குத்தித் திறந்த பிறகு மூடி சரியாகப் பொருந்தவில்லை. பக்கத்தில் இருந்த கால்கிலோ காப்பிப்பொடி அதற்குப் பலியானது. பெருங்காயக் காப்பி என்று ஒன்றை மூன்று நாள் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டிதான் நான் எதிர்பாராத விதத்தில் வென்றது. எதிர்பாராத என்று சொல்வதற்குக் காரணம், அதனோடு மல்லுக்கட்டியது சிறு வயதிலிருந்தே நினைவில் இருப்பதுதான். பாக்குவெட்டியால் நறுக்குவார்கள், குழவியால் தட்டுவார்கள், அது தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடும். இந்த முறை பெட்டியைப் பிரித்த அன்றே, இன்னும் மெத்தென்று இருக்கும்போதே, பட்டாணி அளவுக்குக் கிள்ளி உருட்டி எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு வைத்தேன். அந்த ஒரு கால்மணி வேலைக்குப் பிறகு மாதம் முழுவதும் எந்தத் தொல்லையும் இல்லை. பாதி உருண்டைகளைப் பாட்டியின் முறையில் சிறு கிண்ணத்தில் ஊறப்போட்டேன். மரச் சிமிழ் இப்போது இல்லை, கண்ணாடிக் கிண்ணம்தான். வெளியே வைத்த தண்ணீர் மாவு கலந்திருப்பதால் மூன்றாம் நாள் புளித்த வாடை அடித்தது. குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கியது. சாம்பாரிலும் வற்றல் குழம்பிலும் இந்தத் தண்ணீரை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஊற்றுவது போதும். வடை மாவிலும் முறுக்கு மாவிலும் இதுவே மேல். தூளோ துண்டோ ஓரிடத்தில் தங்கி ஒருவர் வாயில் மட்டும் அகப்படும் ஆபத்து இதில் இல்லை. மீதி உருண்டைகளை எண்ணெயில் பொரித்து இட்லி மிளகாய்ப் பொடியோடு சேர்த்து அரைத்தேன். ரசத்துக்கு ஒரு பட்டாணியை நெய்யில் பொரித்து, நசுக்கிப் போட்டேன். பால் பெருங்காயத்தின் முதல் நாள் ரசத்தைப் பத்து என்றால் இது எட்டு. ஆனால் முப்பது நாளும் எட்டு.

பதினோரு மடங்கு விலைக்கு வருகிறேன். நான்கு பேர் ரசத்துக்குப் பட்டாணி அளவு கட்டி ஏறத்தாழ ஒரு கிராம் நின்றது, இரண்டு ரூபாய். கடுகளவு பால் பெருங்காயம் தராசில் நிற்கவே இல்லை, அதன் விலை சில காசுகள்தான் இருக்கும். ஆக, செலவைப் பார்த்தால் விலையுயர்ந்ததே மலிவு. அளக்கத் தெரிந்த கைக்கு மட்டும். ஊறுகாய் போடுகிற வீடுகளும் ஆண்டுக்கொரு முறை பொடிகள் அரைக்கிற வீடுகளும் 10 கிராம் வாங்கி வைத்துக்கொள்வது தகும். அன்றாடச் சமையலுக்குக் கட்டியை வாங்குங்கள். கைக்கு அழுத்திப் பார்க்கும்போது சற்றேனும் அமுங்குகிற, தேதி புதிதான பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். தூள் வேண்டுமென்றால் ஆகச் சிறிய டப்பாவாக, மோருக்கும் சுண்டலுக்கும் மட்டும்.

என் வீட்டில் மிஞ்சியிருக்கும் ஆறேழு கிராம் பால் பெருங்காயம், வாழையிலைச் சருகில் சுற்றி, இரட்டை மூடிச் சம்புடத்துக்குள், காப்பிப்பொடி இருக்கும் அறைக்கு எதிர்மூலையில், சித்திரை மாங்காய்க்காகக் காத்திருக்கிறது.